நாலாம் கண்ணின் பலகை

தில்லைக்கரை,
05.08.1984

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு உனக்கு நான் எழுதும் முதற் கடிதம் இது. ஐந்து மைல் தூரத்தில் இருப்பவளுக்குத் தபாலில் எழுதுகிறேனே என்று முத்திரை தந்தவர் முகவரியை இரண்டு தரம் பார்த்தார். சங்கத்து வேலையாக எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அது பொய்யும் இல்லை. நேற்றுச் சங்கத்துக்கு ஓர் அறிவித்தல் வந்தது. வழுக்கையாற்றின் நீளத்துக்கும் இருக்கிற குளச் சங்கங்கள், வாய்க்கால் சங்கங்கள், கடைசியில் எங்கள் மதகுச் சங்கம், எல்லாவற்றையும் கலைத்து ஒரே ஒன்றியம் ஆக்கப் போகிறார்களாம். மதகுப் பலகைகளை ஒன்றியத்தின் களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டுமாம். களஞ்சியம் சண்டிலிப்பாயில். கீழே சண்டிலிப்பாய்க் குளச் சங்கத் தலைவர் சோமசேகரம் என்று அத்தானின் கையெழுத்து.

நீ பிறந்த ஊரின் வழக்கத்தை உனக்கு விளக்கத் தேவையில்லை. அத்தானுக்கு விளக்க வேண்டியிருக்கும், அதனால் எழுதுகிறேன். ஆறு கடலேரியில் விழும் இடத்தில் எங்கள் மதகு. தண்ணீர் போக அதற்கு ஏழு கண். ஒவ்வொரு கண்ணையும் அடைக்க ஒரு கனத்த முதிரைமரப் பலகை, ஒவ்வொரு பலகையும் ஒரு வீட்டில். நடுவில் ஆழமாக இருக்கும் நாலாம் கண் எங்கள் வீட்டுக்குரியது. ஒரு வீட்டுப் பலகையை இன்னொரு வீட்டார் தொடுவதில்லை. மழை ஓய்கிற காலத்தில் ஏழு வீடும் சேர்ந்து இறக்கினால்தான் ஆற்றில் நல்ல தண்ணீர் தங்கும், கடல் உள்ளே ஏறாது. கோடையில் எங்கள் கிணறுகளைக் குடிக்கக்கூடியதாக வைத்திருப்பது அந்தத் தண்ணீர்தான். பலகைகளைப் பிரித்து வைத்த பழைய ஆட்கள் ஒருவரை ஒருவர் நம்பாமல்தான் அப்படி வைத்திருப்பார்கள் என்று நான் சில வேளை நினைப்பதுண்டு. அந்த நம்பிக்கையீனம் நூறு வருடம் வேலை செய்திருக்கிறது.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். இது ஆற்றுக்காக வருகிற ஒன்றியமா, போன மார்கழிக்காக வருகிற ஒன்றியமா?

நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

பாலேஸ்வரி


சண்டிலிப்பாய்,
14.08.1984

பாலா,

நான் சுகம். நீ கேட்கவில்லை, என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

எட்டு மாதமாக உனக்கு ஓர் அக்கா இருந்தது நினைவில் இல்லை. பலகைக்கு ஆபத்து என்றதும் வந்துவிட்டது. கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்னவோ என்று பதறி, அடுப்பில் பாலைப் பொங்க விட்டு வாசித்தேன். உள்ளே பார்த்தால் மதகு, கண், களஞ்சியம்.

போன மார்கழி என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டாய். எனக்கு அது ஒரு சொல் இல்லை. அப்பா கண்ணை மூடின அன்று தொடங்கிய மழை. பலகைகளை அந்த வருடம் முன்னதாகவே இறக்கியிருந்தீர்கள். வெள்ளம் ஏறியதும் மற்ற ஆறு வீட்டாரும் தங்கள் தங்கள் பலகையைத் தூக்கினார்கள். நம் வீட்டுக்குச் சாவுத் தீட்டு, துடக்கு. துடக்கு வீட்டார் மதகைத் தொடக்கூடாது, மற்றவர்கள் நம் பலகையைத் தொடக்கூடாது. ஆழமான கண் அடைத்தபடி கிடக்க, இங்கே கதிர் வருகிற பருவத்து நெல் கழுத்துத் தண்ணீரில் நின்று அழுகியது. உன் அத்தான் செத்தவீட்டுப் பந்தலில் நின்று, "செத்ததையும் சாட்டாக்கிப் போட்டினம்" என்று சொன்னது பிழை. அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னவள் நான். ஆனால் நெல் அழுகியது பொய்யா? அந்த நாற்றம் தை முழுவதும் எங்கள் வீட்டுக்குள் இருந்தது.

அவர் கூட்டங்களில் என்ன சொல்கிறார் தெரியுமா? "ஒரு ஆத்துக்குப் பதினொரு சங்கம், பதினொரு தலைவர், பதினொரு பூமாலை. தண்ணிக்கு மட்டும் ஆக்கள் இல்லை." சனம் சிரிக்கிறது. சிரித்தாலும் அதில் நியாயம் இருக்கிறது.

உன்னை ஆர் எழுதச் சொன்னது? உங்கள் சங்கத்துப் பஞ்சலிங்கமா, ஏரம்பு அண்ணையா? நீ சங்கத்துச் செயலாளராய் வந்தது எழுத்துத் தெரிந்தபடியால் மட்டும்தான் என்று இங்கே கதை.

அம்மாவின் இருமல் எப்படி?

குணலட்சுமி


தில்லைக்கரை,
02.09.1984

அக்கா,

அம்மாவின் இருமல் குறைந்துவிட்டது. என்னை ஒருவரும் எழுதச் சொல்லவில்லை. அப்பா இருந்த செயலாளர் கதிரையில் என்னை இருத்தியது எழுத்துக்காகத்தான், அது உண்மை. அதற்காக எழுத்து மட்டும்தான் என்னிடம் இருக்கிறது என்று ஆகிவிடுமா?

நேற்றுப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடினோம். நான் அறிவித்தலை வாசித்து முடிக்கவில்லை, இரத்தினம்மா மாமி எழும்பிவிட்டா.

"மேட்டுக்காரன்ரை கையிலை பலகையைக் குடுத்திட்டு, நாங்கள் உப்புத் தண்ணியிலை தேத்தண்ணி வைச்சுக் குடிப்பமோ?"

பஞ்சலிங்கம் சொன்னார்: "மாமி, உலகம் எங்கையோ போட்டுது. ஒன்றியம் எண்டால் அரசாங்கக் கச்சேரி கவனிக்கும். மதகைச் சீமெந்துக் கொங்கிறீற்றாலை கட்டலாம். ஒவ்வொரு வீடு வீடாய்ப் பலகை சுமக்கிற சீர்கேடு இல்லை."

"உனக்கு உவங்கள் என்ன பதவி தாறன் எண்டவங்கள்?" என்று கேட்டார் ஏரம்பு அண்ணை.

"அண்ணை, நீங்கள் எல்லாத்திலையும் பதவியைத்தான் பாக்கிறியள்."

"பதவி வாறவன்ரை நடை எனக்குத் தெரியும். நீ போன கிழமை தொடக்கம் சப்பாத்தோடை நடக்கிறாய்."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பஞ்சலிங்கமும் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டு சிரித்தார். ஆனால் கூட்டம் முடிந்து கலையும்போது ஒவ்வொருவரும் மற்றவர் யாரோடு சேர்ந்து போகிறார் என்று பார்த்துக்கொண்டே போனார்கள். முன்பு அப்படி இல்லை.

நான் ஒன்றியத்துக்கு எதிரி இல்லை, அக்கா. இதை அத்தானிடம் சொல். ஆறு அளவெட்டியில் ஒன்று, சண்டிலிப்பாயில் ஒன்று, இங்கே ஒன்று என்று ஓடவில்லை. மேலே ஒரு குளத்தைத் தூர்த்தால் கீழே எங்கள் கிணறு குறைகிறது என்பதை நான் எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக் களைத்துவிட்டேன். ஒன்றாகப் பார்ப்பதுதான் அறிவு. என் பயம் வேறு. முடிவு எடுக்கிறவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களாக இருக்க வேண்டாமா? பலகை எங்கள் வீட்டில் இருக்கும்வரை நாங்கள் கேட்கப்பட வேண்டியவர்கள். போன பிறகு யார் எங்களைக் கேட்பார்கள்?

ஆகவே இரண்டு நிபந்தனை. ஒன்றியத்தின் குழுவில் தில்லைக்கரைக்கு ஓர் இடம். பலகை இறக்கும் நாளை எங்களைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நீ பொறுப்பு என்று எழுது. அத்தானின் வாக்கு வேண்டாம். உன்னுடையது வேண்டும்.

பாலா


சண்டிலிப்பாய்,
20.09.1984

பாலா,

உன் நிபந்தனையைச் சோறு போடும்போது சொன்னேன். "ஓம் ஓம், எழுது. ஒரு ஆளைப் போடுவம். கேட்டுத்தானே செய்வம்" என்றார். இரண்டாவது "ஓம்" எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் அவர் கொடுத்த வாக்கை மீறினதாக இந்தப் பதினொரு வருடத்தில் எனக்கு நினைவில்லை. ஆகவே எழுதுகிறேன்: நான் பொறுப்பு.

என் வாக்கைக் கேட்டாயே, அதற்காக உன்னோடு கோபிப்பதா சந்தோசப்படுவதா என்று தெரியவில்லை.

இன்னொன்று. உங்கள் ஊரில் சில வீடுகள் மெய்ப் பலகையை ஒளித்துவிட்டு வேறு ஏதாவது தரும் என்று இவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவர் அதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். நாலாம் கண் பலகை வராவிட்டால் அவர் வேறு யாரையும் பார்க்க மாட்டார், என்னைத்தான் பார்ப்பார். நான் அந்தப் பார்வையோடு இந்த வீட்டில் இருக்க வேண்டும். அதை யோசித்துச் செய்.

குணம்


தில்லைக்கரை,
28.10.1984

அக்கா,

கொடுத்துவிட்டோம்.

நேற்றுக் காலை ஒன்றியத்தின் உழவு இயந்திரம் பெட்டியோடு அணைக்கட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவர்கள் ஒரு பலகையையும் தொடவில்லை. அந்தந்த வீட்டாரே ஏற்ற வேண்டும் என்று ஏரம்பு அண்ணை பெட்டிக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டார். கடைசித் தடவையாவது வழக்கம் வழக்கமாக இருக்கட்டுமாம்.

எங்கள் பலகையை நானும் அம்மாவும் தூக்கினோம். வீட்டிலிருந்து அணைக்கட்டு வரை எத்தனை தரம் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம் என்று கேளாதே. மற்றவர்கள் சுளுவாகக் கொண்டுவந்து ஏற்றினார்கள். இரத்தினம்மா மாமியும் மகளும் கதைத்துக்கொண்டே வந்தார்கள். ஆண்துணை இல்லாத வீடு என்றால் இரத்தினம்மா மாமி வீடும் அப்படித்தானே, எங்கள் கைகளில் மட்டும் ஏன் பெலன் இல்லை என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்பா ஒவ்வோர் ஐப்பசியும் பலகைக்குத் தார் பூசுவார். அவர் நினைவாக நானும் பூசியிருந்தேன். மற்ற வீடுகளில் நினைத்தால்தான் பூசுவார்கள். இம்முறை பெட்டிக்குள் ஏழும் ஒரே கறுப்பு. அம்மா கேட்டா, "உதென்ன, எல்லாருக்கும் ஒரே நேரத்திலை தார் கிடைச்சிருக்கு?" மற்றவர்கள் பெட்டிக்குக் கயிறு கட்டத் தொடங்கினார்கள். ஏரம்பு அண்ணை மட்டும் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உழவு இயந்திரம் போன பிறகும் நான் அணைக்கட்டில் நின்றேன். ஏழு கண்ணும் திறந்து கிடந்தன. ஐப்பசியில் அவை திறந்து கிடப்பதுதான் முறை. ஆனால் முன்பெல்லாம் அவற்றை மூடக்கூடியது என் வீட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றது.

அம்மா என்னோடு கதைப்பதைக் குறைத்துவிட்டா. உன் வாக்கைச் சொல்லித்தான் அவவைச் சம்மதிக்க வைத்தேன்.

பாலா


சண்டிலிப்பாய்,
10.11.1984

பாலா,

களஞ்சியம் என்பது எங்கள் பழைய புகையிலைக் கொட்டில்தான். பலகைகள் அங்கே சுவரோடு அடுக்கிக் கிடக்கின்றன. பூட்டின் திறப்பு இவருடைய சட்டைப்பையில். வாசலில் நின்று பார்த்தேன். அப்பாவின் பலகை எது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாமல் அது இருக்குமா?

நேற்று மீன் கொண்டுவந்த பேதுருவிடம் ஊர்ப் புதினம் கேட்டேன். பலகை ஒப்படைத்ததற்கு முந்தின கிழமை உங்கள் வளவு மாமரக் குற்றியை யாரோ வாளால் அரிந்து பலகையாக்கியதைத் தான் கண்டதாகச் சொன்னான். "புதுப் பலகை அக்கா, நல்ல அகலம்" என்றான், ஒன்றும் அறியாதவன் மாதிரி. அவன் சைக்கிளைத் திருப்பிப் போகும்வரை நான் மீனைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

நீ தந்தது அப்பாவின் பலகை இல்லை. மாமரப் பலகைக்குத் தார் பூசித் தந்திருக்கிறாய். அதை மறைக்கத்தான் தூக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது என்று நாலு வரி எழுதினாய். என்னைப் பொறுப்பு நிற்கச் சொல்லிவிட்டு, என் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டு, நீ அங்கே மெய்ப் பலகையோடு இருக்கிறாய். சின்ன வயதிலும் நீ இப்படித்தான், கையை விரித்துக் காட்டுவாய், மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

இவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றும் தெரியவில்லை.

குணலட்சுமி


தில்லைக்கரை,
18.11.1984

அக்கா,

அந்த மாமரத்தை ஏன் தறித்தோம் என்று உனக்கு மறந்துவிட்டதா? அப்பாவை எரிக்க. விறகுக்குப் போக மிஞ்சிய அடிக்குற்றி மழையில் நனைந்து கிடந்தது. ஐப்பசி தொடங்க ஏரம்பு அண்ணை வந்து, மாட்டுக்குத் தொட்டி அடிக்க வேண்டும், தா பிள்ளை என்று கேட்டார். கொடுத்தேன். அரிந்தது அவர். எங்கள் வளவில் வைத்து அரிந்தார், ஏனென்றால் குற்றியைத் தூக்க முடியவில்லை. பேதுரு கண்டது அதுதான்.

இதற்கு மேல் நான் சத்தியம் பண்ணப் போவதில்லை. சத்தியம் பண்ணினால் நீ மற்றக் கையைத் தேடுவாய். நம்பாவிட்டால் கொட்டிலுக்குள் போய்த் தூக்கிப் பார். நீயும் அந்த வீட்டில் பிறந்தவள்தானே, தொட்டால் குற்றமில்லை.

இனி நான் எழுத மாட்டேன்.

பாலேஸ்வரி


சண்டிலிப்பாய்,
09.01.1985

பாலா,

நீ எழுத மாட்டேன் என்றாய், நானும் எழுதாமல் இருந்தேன். ஊரடங்கு, பஸ் இல்லை, தபால் இல்லை. அது நமக்கு வசதியாகப் போய்விட்டது. இதைப் பேதுருவிடம் கொடுத்து அனுப்புகிறேன். மீன் பெட்டிக்குள் வரும், நாற்றத்தைப் பொறுத்துக்கொள்.

கொட்டிலுக்குப் போகவில்லை. போய்ப் பார்க்க எனக்குப் பயம். நீ சொன்னது மெய்யாக இருந்தாலும் பயம், பொய்யாக இருந்தாலும் பயம்.

எழுதுவதற்குக் காரணம் வேறு. ஞாயிறு இங்கே ஒன்றியக் கூட்டம். மழை ஓய்ந்துவிட்டது, பலகை எப்போது இறக்குவது என்று கேள்வி வந்தது. சண்டிலிப்பாய் அரிவு வெட்டு முடிந்து, வயல் காய்ந்த பிறகு மாசியில் இறக்குவது என்று முடிவெடுத்தார்கள். உங்கள் ஊருக்காகக் குழுவில் போட்ட பஞ்சலிங்கத்துக்கு அறிவித்தல் போகவே இல்லை. ஊரடங்கில் எப்படி அனுப்புவது என்றார்களாம். அவர் இல்லாமலும் ஆட்கள் போதுமாம். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்று கேட்டேன், "தில்லைக்கரையைக் கேக்கேல்லையோ?" இவர் சொன்னார், "கேப்பம், கேப்பம்." அதே இரண்டு தரம்.

அதோடு இன்னொன்று. கூட்டம் முடிகிற நேரம் பட்டினத்திலிருந்து ஒரு கடுதாசி வந்தது. இந்த ஒன்றியத்தையும் மற்ற ஒன்றியங்களையும் கலைத்துக் குடாநாடு முழுவதற்கும் ஒரே சபை வரப்போகிறதாம். பலகைகளைப் பட்டினத்துக் களஞ்சியத்துக்கு எடுத்துப்போக லொறி வருமாம். இவர் அதை மூன்று தரம் வாசித்தார். "எங்களை ஒரு சொல்லுக் கேக்காமல்!" என்று கத்தினார். நான் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். என் முகத்தை அவர் பார்க்கக்கூடாது என்றிருந்தது.

குணம்


தில்லைக்கரை,
13.01.1985

அக்கா,

நாளை பொங்கல். ஊரில் ஒருவருக்கும் பொங்கல் முகம் இல்லை.

மாசியில் இறக்கினால் என்ன நடக்கும் என்று அத்தானுக்குத் தெரியாமல் இருக்கலாம், உனக்குத் தெரியும். இன்றைக்கு ஆறு கரை முட்ட நிற்கிறது. இரண்டு கிழமையில் அது கடலேரிக்குள் போய்விடும். அதன் பிறகு பலகை இறக்குவது வெறும் சேற்றுக்குக் கதவு போடுவது. சித்திரையில் கிணறு உப்பாகும். தோட்டம் போகும், பிறகு மாடு, பிறகு ஆட்கள். கடற்கரையோடு இருந்த பழைய கிணறுகள் இரண்டு அப்படித்தான் போயின என்று அப்பா காட்டியிருக்கிறார்.

செய்தி எப்படியோ பரவிவிட்டது. நேற்று நல்லதண்ணிக் கிணற்றடியில் நான் போனதும் கதை நின்றது. இரத்தினம்மா மாமி வாளியைப் பார்த்துக்கொண்டு சொன்னா, "அக்காவீட்டுக்கு ஆத்தையே சீதனமாய்க் குடுத்தவள் வாறாள்." நான் தண்ணீர் அள்ளாமல் திரும்பினேன். வீட்டில் அம்மா குடத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, தானே குடத்தை எடுத்துக்கொண்டு போனா.

அவர்கள் என்னைச் சந்தேகிக்கிறார்கள். நீ என்னைச் சந்தேகிக்கிறாய். நான் உன் வாக்கை நம்பிக் கொடுத்தேன், அதைச் சந்தேகித்திருந்தால் இன்றைக்கு எங்கள் கிணறு பிழைத்திருக்கும். புத்தகங்களில் நம்பிக்கை பெரிய குணம் என்று வாசித்திருக்கிறேன். அதை எழுதியவர்களின் கிணறுகள் எங்கே இருந்தன என்று இப்போது யோசிக்கிறேன்.

உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பாலா


சண்டிலிப்பாய்,
15.01.1985

என் தங்கச்சி,

இன்று இவர் மாடுகளோடு வெளியில் நிற்கும்போது சட்டைப்பையிலிருந்து திறப்பை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். நீ சொன்னபடி தூக்கிப் பார்த்தேன்.

முதலாவது பலகை ஒற்றைக் கையால் எழும்பியது. பின்னுக்கு விழப் பார்த்தேன். இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும் நாலாவதும். உன்னுடைய களவுக்குத் துணைக் கள்ளர் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஐந்தாவது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்தேன், அசையவில்லை. மற்ற இரண்டும் பஞ்சு. திரும்பவும் அந்த ஒன்றுக்கு வந்து, அரிவாள் நுனியால் ஓரத்துத் தாரைச் சுரண்டினேன். முதிரை. கீழ்மூலையில் நான் சின்ன வயதில் ஆணியடித்துத் துளைத்து, அப்பாவிடம் அடி வாங்கிய ஓட்டை.

மற்ற ஆறும் மாமரமும் தென்னையும். ஒருவர் பலகையை ஒருவர் தொடாத ஊரில் பாரம் யாருக்குத் தெரியப்போகிறது? தார் பூசிவிட்டால் போதும்.

ஊர் முழுக்க ஒளித்திருக்கிறது. ஒருத்தி மட்டும் மெய்ப் பலகையைக் கொடுத்திருக்கிறாள். அவளை ஊர் விற்றவள் என்றது. நான் கள்ளி என்றேன். நிலத்தில் குந்தியிருந்து சிரித்தேன், பாலா. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஏரம்பு அண்ணையின் மாட்டுத் தொட்டி எங்கள் கொட்டிலில்தான் இருக்கிறது, அவரிடம் சொல்லாதே.

இப்போது என் இக்கட்டைக் கேள். இவரிடம் சொன்னால் ஆறு வீடும் சபைக்கு முன் நிற்கும். சொல்லாவிட்டால் நான் இவரோடு இருந்துகொண்டு இவரை ஏமாற்றுகிறவள். எதைச் செய்வேன் என்று இன்னும் தெரியாது.

உனக்கு ஒன்று தெரியும். மெய்ப் பலகைகள் ஊரில் இருக்கின்றன. வியாழக்கிழமை விடிய ஊரடங்கு எடுத்ததும் பலகையோடு அணைக்கட்டுக்கு வரச் சொல்லி ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகச் சொல். எந்தப் பலகை என்று சொல்லாதே. யார் சொன்னது என்றும் சொல்லாதே.

நாலாம் கண்ணுக்கு நான் வாக்குத் தரவில்லை. ஒருதரம் தந்து உனக்குப் பட்டது போதும்.

அக்கா


தில்லைக்கரை,
17.01.1985

என் அக்காவுக்கு,

நீ எழுதியபடி ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று சொன்னேன். "வியாழன் விடிய உங்கடை பலகையோடை அணைக்கட்டுக்கு வாங்கோ." ஒருவரும், பலகைதான் கொடுத்துவிட்டோமே என்று கேட்கவில்லை. பஞ்சலிங்கம் மட்டும், "ஆரார் வருவினம்?" என்றார். "நீங்கள் மட்டும்தான்" என்றேன். அவர் முகம் வெளிறியது.

இன்று நான் போகும்போது ஏரம்பு அண்ணை ஏற்கெனவே நின்றார். பலகையைச் சாக்கால் மூடித் தாழம்பற்றைக்குள் சாய்த்திருந்தார்.

"இது... இது வேறை ஒரு பலகை பிள்ளை."

"ஓம் அண்ணை."

இரத்தினம்மா மாமியும் மகளும் கிடுகுக்குள் எதையோ சுற்றித் தூக்கி, மூச்சிரைக்க வந்தார்கள். அண்ணையைக் கண்டதும் மாமி திரும்பப் பார்த்தா.

"என்ன மாமி, வேறை பலகையோ?" என்றார் அண்ணை.

"உங்கடை மாட்டுத் தொட்டி எப்பிடி, மாடு தண்ணி குடிக்குதோ?" என்றா மாமி. அவவுக்கு எப்படித் தெரியும்? எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. தான் செய்தது மட்டும் மற்றவருக்குத் தெரியாது என்று ஒவ்வொருவரும் இருந்திருக்கிறார்கள்.

மற்ற வீட்டாரும் வந்துவிட்டார்கள். கடைசியாகப் பஞ்சலிங்கம். சப்பாத்து இல்லாமல்.

"நீயுமோடா!" என்றார் ஏரம்பு அண்ணை.

"ஒன்றியத்துக்கு நான் எதிரில்லை அண்ணை. எண்டாலும்..."

"எண்டாலும்!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். மாமி சிரித்துச் சிரித்து அணைக்கட்டில் குந்திவிட்டா.

ஆறு பலகையும் இறங்கின. ஆறு கண்ணும் அடைபட, முழு ஆறும் நாலாம் கண்ணுக்குள் பாய்ந்தது. அந்தச் சத்தத்தில் சிரிப்பு நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்கை பிள்ளை உங்கடை?"

"குடுத்திட்டன் மாமி."

"மெய்யானதையோ?"

"ஓம்."

மாமி நிலத்தைப் பார்த்தா. ஏரம்பு அண்ணைதான் சொன்னார், "ஊருக்கு ஒரு விசர்ப் பைத்தியமாவது வேணும்தான். அதுக்காக நடுக்கண்காரியோ?"

அப்போதுதான் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. பெட்டியில் வைக்கோல். ஓட்டி வந்தவர் அத்தான். பஞ்சலிங்கம் ஓடப் பார்த்தார். அத்தான் இறங்கவில்லை. அடைத்த ஆறு கண்ணையும் எண்ணுவது போல் பார்த்தார், பிறகு கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வைக்கோலுக்குள்ளை கிடக்கு. வேறை ஆரும் தொடக்கூடாதெண்டு சொல்லித்தான் அனுப்பினவள்."

அம்மா அதற்குள் வந்துவிட்டா. அப்பாவின் செத்தவீட்டுக்குப் பிறகு அவவும் அத்தானும் நேருக்கு நேர் நின்றது இன்றுதான். அத்தான் கேட்டார், "இப்ப துடக்கு ஒண்டும் இல்லைத்தானே?" குத்தலாகக் கேட்டாரா, பயந்து கேட்டாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அம்மா வைக்கோலை விலக்கிப் பலகையைத் தடவினா. "ஒரு தலைப்பு நான் பிடிக்கிறன். மற்றத் தலைப்பைப் பிடியுங்கோ தம்பி."

"மருமகன் எண்டால் வெளிவீடெல்லோ?" என்று ஏரம்பு அண்ணை இழுத்தார்.

"செத்தவீட்டுப் பந்தலிலை நிண்டு கதைக்கேக்கை உள்வீட்டு ஆளாய்த்தானே கதைச்சவர். இப்ப தூக்கட்டும்."

தூக்கினார். ஒன்றியத்துக்கும் தலைவராகிவிட்ட அத்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்று நாலாம் கண்ணை அடைத்தார். தண்ணீர் மெல்ல மெல்ல எழும்பி நின்றது. அத்தான் வேட்டியைப் பிழிந்துகொண்டு கேட்டார், "அடுத்த மாரிக்கு வெள்ளம் வந்தால்? அண்டைக்கும் ஆராவது செத்தால்?" நியாயமான கேள்வி. அதை நாங்கள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஏரம்பு அண்ணை மற்றவர்களைப் பார்த்தார். பிறகு, "துடக்கு வீட்டுப் பலகையைப் பக்கத்துக் கண்காரன் தூக்கலாம். எழுது பிள்ளை" என்றார்.

ஒன்று மட்டும் என்னை அரிக்கிறது, மறைக்காமல் கேட்கிறேன். அவர் ஏன் கொண்டுவந்தார்? பட்டினம் தன்னைக் கேட்காமல் திறப்பைப் பறிக்கிறது என்ற கோபமா? எங்களைக் கையில் வைத்திருக்க வேறு வழியா? நீயா? அவருடைய பள்ள வயலில் இன்னும் கதிர் நிற்கிறதே.

பாலா


சண்டிலிப்பாய்,
06.02.1985

பாலா,

சந்தேகம் உன்னை விட்டுப் போகாது. அது நம் வீட்டுச் சொத்து, எனக்கும் பங்கு இருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். மத்தியானச் சோற்றோடு திறப்பையும் வைத்தேன். "கொட்டிலுக்குப் போய் ஒவ்வொண்டாய்த் தூக்கிப் பாருங்கோ" என்றேன். போனார். நெடுநேரம் வரவில்லை. வந்து ஆறிய சோற்றைச் சாப்பிட்டார். கை கழுவும்போது கேட்டார், "பாரமானது ஆருடையது?" "என்ரை அப்பாவின்ரை" என்றேன். "வியாழன் விடிய அது அணைக்கட்டிலை வேணும், வேறை ஆரும் தொடக்கூடாது" என்று மட்டும் சொன்னேன். அடுத்த நாள் பொழுதுபட வைக்கோல் ஏற்றினார். கோபமா, வெட்கமா, நானா என்று நீயே பிரித்துப் பார். எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பள்ள வயலில் முழங்கால் தண்ணீரில் நின்று அரிவு வெட்டினோம். வெட்டிய கூலிக்காரர் எல்லாரும் உன் பெயரைச் சொல்லித் திட்டினார்கள், நானும் சேர்ந்து திட்டினேன்.

நேற்றுப் பட்டினத்து லொறி வந்தது. கண்ணாடி போட்ட ஓர் உத்தியோகத்தர் கொட்டிலுக்குள் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு பலகைகளை எண்ணினார். ஏழு. சரி என்று கையெழுத்து வாங்கினார். ஒன்றையும் தொடவில்லை, தார் ஒட்டும் என்று பயம். இவர் பக்கத்தில் நின்று, "கவனமாய்க் கொண்டுபோங்கோ ஐயா, பழைய முதிரை" என்றார். நான் உள்ளே ஓடிவிட்டேன்.

ஏழாவது எங்கிருந்து வந்தது என்று நீ கேட்பாய். எங்கள் குசினிக்கு இப்போது பின்கதவு இல்லை. சாக்குத் தொங்கவிட்டிருக்கிறேன். நாய் வருகிறது, கோழி வருகிறது, பேதுரு நேரே அடுப்படிக்கே மீனைக் கொண்டுவந்து வைக்கிறான். அம்மாவையும் கூட்டிக்கொண்டு நீ வா. அந்த வழியாகவே வா.

குணம்